கல்லில் குடியேறிய ஊர்கள்: ஆழ்கடல் பாசி விலங்குகளை இனங்காணல்

மழை பொய்த்து மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் இறங்கும் காலங்களில், 1960களில் தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியா நகரம் மெல்ல வெளியே வரும். கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்களின் எச்சங்களைப் பார்க்கச் சனம் போகும். பத்திரிகைகளில் படம் வரும். "இந்த இடத்திலதான் கடைத்தெரு இருந்திச்சு" என்று பெரியவர்கள் கைகாட்டுவார்கள். எல்லோருடைய கண்ணும் சுவரின் மேல்தான் இருக்கும். சுவரில் ஒட்டியிருப்பது என்ன என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

தண்ணீருக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த கல்லும் கட்டையும் வெறுமனே இருப்பதில்லை. ஏதோ ஒன்று அதன் மேல் குடியேறியிருக்கும். காய்ந்த பழுப்புநிறப் படை, நூல்போலக் கிளைவிட்டு ஓடும் மெல்லிய குழாய்கள், அதனிடையே கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் என்று பார்த்தால், "இது காஞ்ச பாசிதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அதில் ஒரு பகுதி பாசியாகவே இருக்கலாம். ஆனால் பாசியைப் போலத் தோன்றி, பாசி என்றே பெயரும் வாங்கிக்கொண்ட ஒரு விலங்குக் கூட்டம் உலகத்தில் உண்டு. கிரேக்கத்தில் 'பிரையோன்' என்றால் பாசி, 'ஸூவோன்' என்றால் விலங்கு. இரண்டையும் சேர்த்து 'பிரையோசோவா' என்று 1831இல் ஜேர்மன் அறிஞர் எஹ்ரென்பேர்க் பெயர் வைத்தார். நாம் பாசி விலங்கு என்போம்.

இந்த விலங்குகளில் மிகப் பெரும்பாலானவை கடலில் வாழ்பவை. கடலிலும் கணிசமானவை வெளிச்சம் எட்டாத ஆழத்தில். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. "மலையில இருக்கிற நமக்கு ஆழ்கடல் எதுக்கு?" என்று கேட்பவருக்கு முதலில் ஒரு பதில். மவுஸ்ஸாகலையில் தேங்கும் மஸ்கெலி ஓயாவும், காசல்ரீயில் தேங்கும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. அது கடலில் விழும் மட்டக்குளியில், காக்கைதீவில்தான் இலங்கையின் கடல்வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா இருக்கிறது. நம்முடைய தண்ணீர் கடல் ஆராய்ச்சியின் வாசற்படிவரை போகிறது. நம் பிள்ளைகள் போவதற்குத் தடை என்ன? இரண்டாவது பதில், இந்நாட்டுக்குத் தெற்கே கடலடியில் இருக்கும் ஒரு மலையைப் பற்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லயமும் காம்பிராவும்

பாசி விலங்கு ஒன்றைக் கைக்கண்ணாடியால் பார்த்தால் முதலில் தெரிவது அறைகள். வரிசை வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசலோடு நிற்கும். தோட்டத்து லயத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு காம்பிராவின் நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரை எட்டாது. அரை மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காம்பிராவிலும் ஒரு தனியுயிர் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதை 'ஸூயிட்' என்கிறார்கள். ஆபத்து இல்லாதபோது அது வாசலைத் திறந்து, மயிரிழை போன்ற உணர்கொம்புகளின் கிரீடம் ஒன்றை வெளியே விரிக்கும். அக்கொம்புகளில் உள்ள நுண்மயிர்கள் அடித்துத் தண்ணீரை உள்ளே இழுக்க, மிதந்து வரும் நுண்ணுயிர்கள் வாய்க்குள் போகும். தொந்தரவு வந்தால் கிரீடம் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போய்விடும். பல இனங்களில் வாசலுக்குக் கதவும் உண்டு.

காம்பிராக்களுக்கு இடையிலுள்ள சுவர்களில் நுண்துளைகள் உள்ளன. அதன் வழியாக ஊட்டம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். சாப்பிட முடியாத உறுப்பினர்களும் இதனால் பிழைக்கிறார்கள். சில தனியுயிர்கள் சாப்பிடுவதையே விட்டுவிட்டு வேறு வேலைக்கு மாறியிருக்கின்றன. ஒன்று பறவையின் அலகு போலத் தாடையாக மாறிக் காவல் காக்கும். பீகிள் கப்பலில் போன டார்வின் இந்த அலகுகள் திறந்து மூடுவதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். இன்னொன்று நீண்ட முள்ளாக மாறிப் படியும் மண்ணைப் பெருக்கித் தள்ளும். பல இனங்களில் குஞ்சுகளை அடைகாக்கத் தனிக் கூடும் இருக்கும்.

இவ்வளவு பேரும் எங்கிருந்து வந்தார்கள்? நீந்தி வந்த ஒரே ஒரு குடம்பி கல்லில் ஒட்டி, முதல் காம்பிராவாக உருமாறும். அதிலிருந்து அரும்பு விட்டு அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. தோட்டத்தில் வீ.பி. தேயிலை வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாய்ச்செடியின் துண்டுகளை நட்டு உண்டாக்கிய மலை முழுவதும் பரம்பரையில் ஒரே செடிதான். பாசி விலங்கின் ஊரும் அப்படித்தான்: ஆயிரம் வாசல், ஒரே பரம்பரை. வித்தியாசம் என்னவென்றால், தேயிலைத் துண்டு பிரிந்து தனிச்செடி ஆகிறது. இங்கே யாரும் பிரிவதில்லை.

மூன்று வகுப்புகள்

இன்று வாழும் பாசி விலங்குகளில் விவரித்துப் பெயரிடப்பட்டவை 6000 இனங்களுக்கும் மேல். கற்சுவடாக மட்டும் அறியப்பட்டவை அதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஏறத்தாழ 48 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளிலேயே இவற்றைக் காண்கிறார்கள். வாழ்பவற்றை மூன்று வகுப்பாகப் பிரிப்பது வழக்கம்.

முதலாவது பைலக்டோலேமாட்டா. இவை நன்னீரில் மட்டும் வாழ்பவை. உடலில் சுண்ணாம்பு கிடையாது. தண்ணீர் வற்றும் காலத்துக்கென்று தகடுபோன்ற கடினமான வித்துக்களை உண்டாக்கும். ஊர் செத்துப்போனாலும் வித்துக் காய்ந்து கிடந்து, தண்ணீர் வந்ததும் முளைக்கும். பறவையின் காலிலும் இறகிலும் ஒட்டி வேறு குளத்துக்கும் போகும். இந்த வகுப்பில் இனத்தைத் தீர்மானிப்பதே பெரும்பாலும் அந்த வித்தின் வடிவத்தை வைத்துத்தான். நான் மேலே சொன்ன கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளியை எதற்காகப் பார்க்க வேண்டும் என்பது இப்போது விளங்கும். இந்தியா, இலங்கை, பர்மா ஆகியவற்றின் நன்னீர்ப் பாசி விலங்குகளை நன்னீர்ப் பஞ்சுகளோடு சேர்த்து நெல்சன் அன்னாண்டேல் எழுதிய நூல் 1911இல் வெளிவந்தது.

இரண்டாவது ஸ்டெனோலேமாட்டா. பழங்காலக் கடல்களில் கோலோச்சிய வகுப்பு. இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு வரிசைதான். காம்பிராக்கள் சுண்ணாம்புக் குழாய்கள். வாசல் வட்டமானது, கதவில்லாதது.

மூன்றாவது ஜிம்னோலேமாட்டா. இன்றைய கடலில் பெரும்பான்மை இவைதான். இதில் இரண்டு வரிசைகள். சுண்ணாம்பு இல்லாத மென்மையான டீனோஸ்டோமாட்டா ஒன்று. சுண்ணாம்புச் சுவரும் கதவும் உள்ள கீலோஸ்டோமாட்டா மற்றொன்று. ஆழ்கடலிலிருந்து வரும் மாதிரிகளில் பெரும்பகுதி இந்தக் கடைசி வரிசையைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

தோற்றம் காட்டுவது வாழ்ந்த இடத்தை

தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை போட்டுப் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரிக்கிறோம். அது அளவையும் வடிவத்தையும் வைத்துப் பிரிப்பது. ஒரே செடியின் கொழுந்து மூன்று சாக்கிலும் இருக்கும். ஒரே சாக்கில் பத்து மலையின் கொழுந்து இருக்கும். விற்பதற்கு அது போதும். எந்தக் கொழுந்து எந்தத் தாய்ச்செடியிலிருந்து வந்தது என்று கேட்டால் சல்லடை பதில் சொல்லாது.

பாசி விலங்குகளை ஆராய்ந்த முந்தியவர்கள் செய்ததும் ஏறக்குறைய சல்லடை வேலைதான். கல்லில் படையாகப் படிந்தது ஒரு குழு, மரம்போல நிமிர்ந்தது ஒரு குழு, விசிறிபோல விரிந்தது ஒரு குழு என்று ஊரின் முழு உருவத்தை வைத்துப் பிரித்தார்கள். 1860களில் சுவீடனைச் சேர்ந்த ஸ்மிட் இதைத் திருப்பிப்போட்டார். ஊரின் உருவத்தைவிடக் காம்பிராவின் அமைப்பு, அதிலும் வாசலின் வடிவம், உறவுமுறையைச் சரியாகச் சொல்லும் என்று காட்டினார். தூரத்து உறவுகூட இல்லாத இரண்டு இனங்கள் ஒரே மாதிரி இடத்தில் வாழ்வதால் ஒரே உருவத்தை எடுத்திருக்கலாம்.

அதனால் உருவம் பயனற்றது என்று நினைக்கக்கூடாது. அது வேறொரு கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது: இது எந்த மாதிரி இடத்தில் வாழ்ந்தது? 1936இல் ஸ்டாக் என்ற ஆய்வாளர் உருவத்துக்கும் வாழிடத்துக்கும் உள்ள தொடர்பை ஒழுங்குபடுத்தி எழுதினார். சுருக்கமாகச் சொன்னால் இப்படி:

படையாக ஒட்டி வளர்பவைக்குக் கெட்டியான தளம் வேண்டும். பாறை, சிப்பி, செத்த பவளம், கப்பலின் அடி, எதுவாக இருந்தாலும் சரி.

வளைந்துகொடுக்கும் செடிபோல நிற்பவை அலையும் நீரோட்டமும் உள்ள இடத்தைத் தாங்கும்.

விறைப்பான சுண்ணாம்புக் கிளைகளும் வலைபோன்ற விசிறிகளும் தண்ணீர் மோதாத இடத்தில்தான் முறியாமல் நிற்கும்.

மணலிலும் சேற்றிலும் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. அங்கே வாழ்பவை வேர் போன்ற இழைகளை இறக்கித் தங்களை நிறுத்திக்கொள்ளும். 'கொனெஸ்கரெலினா' என்ற சின்னஞ்சிறு கூம்புகள் இந்து, பசிபிக் சமுத்திரங்களின் மணற்படுகைகளில் இப்படித்தான் வாழ்கின்றன.

இந்தப் பாகுபாடு நம் கடலோர மக்களுக்குப் புதிதல்ல. மன்னார்க் குடாவில் முத்துக் குளித்தவர்கள் கடலடியைப் பார், மணல், சேறு என்று பிரித்தே பேசினார்கள். பார் என்றால் கெட்டித் தளம். அங்கேதான் சிப்பி பிடிக்கும். பெரியபார், சேவல்பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். 'எந்தத் தளத்தில் எந்த உயிர்' என்ற கேள்வியின் முதல் பாடம் அந்தச் சொற்களிலேயே இருக்கிறது.

ஆழம் என்ன செய்கிறது

200 மீற்றருக்குக் கீழே போனால் வெளிச்சம் போதாமல் தாவரங்கள் இல்லை. மேலிருந்து உதிரும் செத்த நுண்ணுயிர்களும் கழிவுத் துகள்களும்தான் சாப்பாடு. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 4000 மீற்றரில் தண்ணீர் பனிக்கட்டி நிலைக்குச் சற்று மேலே மட்டும் இருக்கும். அங்கேயும் பாசி விலங்குகள் உண்டு. 8000 மீற்றருக்கும் கீழே இருந்து எடுத்திருக்கிறார்கள்.

ஆழத்தில் அவற்றுக்கு இரண்டு கஷ்டங்கள். முதலாவது, ஒட்ட இடமில்லை. ஆழ்கடலின் தரை பெரும்பாலும் நுண்சேறு. எனவே நீண்ட காம்பின் நுனியில் குடைபோல விரிந்து, கீழே வேரிழையால் சேற்றைப் பிடிக்கும் 'கினெடோஸ்கியாஸ்' போன்றவை அங்கே வாழ்கின்றன. மற்றவை கிடைக்கிற சிறு கெட்டிப்பொருளில் ஊர் அமைக்கும். கடலடியில் உருளைக்கிழங்குபோலக் கிடக்கும் மங்கனீசு உருண்டைகளும் அவற்றுக்கு வீட்டுமனைதான்.

இரண்டாவது கஷ்டம் சுண்ணாம்பு. குளிரும் அழுத்தமும் கூடக்கூடச் சுண்ணாம்பு தண்ணீரில் கரையும். இந்து சமுத்திரத்தில் ஏறத்தாழ 4000 முதல் 5000 மீற்றருக்குள், இடத்துக்கிடம் மாறும் ஓர் எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே விழும் சுண்ணாம்புச் சிப்பிகள் தரையில் தேங்காமல் கரைந்துவிடும். அந்த ஆழத்தில் கனமான சுண்ணாம்பு வீடு கட்டுவது கட்டுப்படியாகாது. அங்குள்ளவற்றின் சுவர்கள் மெல்லியவை, வளையக்கூடியவை.

இதனால்தான் ஆழ்கடலில் கடல்மலைகளுக்கு இவ்வளவு மதிப்பு. சேற்றுச் சமவெளிக்கு நடுவே எழும் அந்த மலைகளில் நீரோட்டம் சேற்றைத் தங்கவிடாது. பாறை வெறுமையாக நிற்கும். ஒட்டி வாழும் உயிர்களுக்கு அது பார்.

பெயர் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு துண்டு கையில் வந்தால் என்ன செய்வார்கள்? முதலில் அப்படியே படம் எடுத்து, ஒரு பகுதியை மதுசாரத்தில் பத்திரப்படுத்துவார்கள். பரம்பரை அலகுச் சோதனைக்கு அது வேண்டும். இன்னொரு பகுதியைச் சலவைக்குப் பயன்படுத்தும் வெளிற்றும் திரவத்தில் ஊறவைப்பார்கள். சதை கரைந்து சுண்ணாம்புக்கூடு மட்டும் மிஞ்சும். அதைக் காயவைத்து, மெல்லிய உலோகப் பூச்சுக் கொடுத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைப்பார்கள். 1970கள் முதல் இந்தக் கருவி பரவலாக வந்தபிறகு பழைய பெயர்கள் பல உடைந்தன. ஒரே இனம் என்று நினைத்தது மூன்றாகப் பிரிந்தது.

பார்க்க வேண்டியவை ஏறக்குறைய இவைதான்: வாசல் வட்டமா, அரைவட்டமா, கீழ் ஓரத்தில் பள்ளம் உண்டா? வாசலைச் சுற்றி எத்தனை முட்கள்? முன்சுவரில் துளைகள் எங்கே, எத்தனை? அலகுத் தனியுயிர் வாசலுக்கு எந்தப் பக்கம், அதன் நுனி எந்தத் திசையைப் பார்க்கிறது? அடைகாக்கும் கூடு மூடியதா, திறந்ததா? ஒரு காம்பிராவை மட்டும் அளந்தால் போதாது. ஒரே ஊரிலேயே ஓரத்துக் காம்பிரா இளசு, நடுக் காம்பிரா முற்றியது. பலவற்றை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 'பியூகுலா நெரிட்டினா' என்று ஒரு பாசி விலங்கு உண்டு. துறைமுகங்களில் கப்பலடியிலும் கம்பத்திலும் பழுப்புக் கொத்தாகத் தொங்குவது. புற்றுநோய்க்கு எதிராக வேலை செய்யக்கூடிய 'பிரையோஸ்டாடின்' என்ற பொருள் அதில் இருப்பதை அமெரிக்க வேதியியலாளர் பெட்டிட்டின் குழு கண்டறிந்து, 1982இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டது. வெறும் 18 கிராம் எடுப்பதற்கு ஏறத்தாழ 13 தொன் விலங்கைச் சேகரிக்க வேண்டியிருந்தது. பிறகு 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது: கலிபோர்னியாக் கரையில் இந்தப் பெயரில் சேகரித்தது ஒன்றல்ல, இரண்டு இனங்கள். ஏறக்குறைய 9 மீற்றருக்கு மேலே வாழ்வது ஒன்று, அதற்குக் கீழே வாழ்வது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் பொருள் வேறு. அந்தப் பொருளை உண்மையில் உண்டாக்குவது விலங்கினுள் வாழும் பற்றீரியா என்றும், இரண்டிலும் அந்தப் பற்றீரியாவின் வகை வேறு என்றும் அறிந்தார்கள். எந்த ஆழத்திலிருந்து எடுத்தது என்று எழுதி வைக்காதவனுக்கு இந்த வித்தியாசம் பிடிபட்டே இருக்காது.

சீட்டும் சங்கிலியும்

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானதாகத் தோன்றும். செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற ஸனத் இல்லாமல் முஹத்திஸ்கள் ஏற்கவில்லை. இடையில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்கென்று தனித் தரம் வைத்தார்கள். அந்தப் புனிதமான கலையோடு நான் இதைச் சமப்படுத்தவில்லை. ஆனால் ஒழுக்கம் ஒரே மாதிரி. விலங்கின் போத்தலில் ஒரு சீட்டு இருக்கும்: எந்தக் கப்பல், எந்த நாள், எந்த அகலாங்கு நெட்டாங்கு, எத்தனை மீற்றர், தரை சேறா பாறையா, எடுத்தவர் யார், இனம் சொன்னவர் யார். புதிய இனத்துக்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயருக்குச் சாட்சியாக ஒரு மாதிரியை நிரந்தரமாக ஒரு நூதனசாலையில் வைக்க வேண்டும். நூறு வருஷம் கழித்து ஒருவர் சந்தேகப்பட்டால் அந்த மாதிரியைப் போய்ப் பார்ப்பார். சீட்டுத் தொலைந்த மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது.

நம் கடலின் சங்கிலி எங்கே தொடங்குகிறது? சலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைத் துழாவி எடுத்த பாசி விலங்குகளை ஜோர்ஜ் பஸ்க் 1884இலும் 1886இலும் இரண்டு பாகங்களாக விவரித்தார். ஆழ்கடல் பாசி விலங்கு ஆய்வுக்கு அது அத்திவாரம். இலங்கையைப் பொறுத்தவரை கதை முத்தில் தொடங்குகிறது. முத்துப் படுகைகள் ஏன் சில வருஷம் நிறைந்தும் பல வருஷம் வெறுமையாகவும் இருக்கின்றன என்று ஆராய 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் இங்கே வந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் அவருக்கு உதவி. 1903 முதல் 1906 வரை அவர்களுடைய அறிக்கை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. சேகரித்த பாசி விலங்குகளை லோரா ரொஸ்கோ தோர்ன்லி என்ற ஆங்கிலப் பெண் ஆராய்ந்தார். அவருடைய பகுதி 1905இல் வந்தது. 1881இல் கட்டப்பட்ட 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அளவைக் கப்பல் வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் ஆழத்திலிருந்து வாரியெடுத்தவை கல்கத்தா நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த நூதனசாலையிலிருந்த கடற்பாசி விலங்குகளை 1907இல் விவரித்தவரும் அதே தோர்ன்லிதான்.

சங்கிலியின் இந்த முனையில் பெயர்கள் இருக்கின்றன. மறுமுனையில்? 1905இன் முத்துக்குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் மேலே வந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கியவர்களில் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து நம்மவர்களும் பரதவரும் வளைகுடா அரபிகளும் இருந்தார்கள். எந்தப் பாரில் எது வளரும் என்று அவர்களுக்குத் தெரியும். பாரின் பெயர்கள் அறிக்கையில் ஏறின. அதைச் சொன்னவர்களின் பெயர்கள் ஏறவில்லை. பிரித்தானியக் கப்பல்களில் வேலை செய்த லஸ்கர்களில் முஸ்லிம்கள் ஏராளம். போத்தலின் சீட்டில் லஸ்கரின் பெயரை எழுதும் வழக்கம் இருந்ததில்லை. குற்றப்பத்திரிகை வாசிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெயர் எழுதுகிறவன் யாரோ அவனுடைய பட்டியலே மிஞ்சும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1933, 34இல் 'மபாஹித்' என்ற எகிப்தியக் கப்பல் எகிப்திய மாலுமிகளோடு அரபிக் கடலையும் இந்து சமுத்திரத்தையும் ஆராய்ந்தது. தலைமை ஆங்கிலேயரான சீமோர் சியூவெல். ஆனால் விஞ்ஞானிகளில் அப்துல் பத்தாஹ் முஹம்மத், ஹுஸைன் பௌஸி என்ற இரண்டு எகிப்தியர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர் பதிவில் இருக்கிறது. பௌஸி அந்தப் பயணத்தைப் பற்றி அரபியில் நூலும் எழுதினார். மேசைக்கு வந்தவருக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது.

தெற்கே இருக்கும் மலை

இப்போது நான் ஒத்திவைத்த இரண்டாவது பதில். இலங்கைக்குத் தெற்கே, பூமத்திய ரேகையைத் தாண்டி, கடலடியில் 'அஃபனாசி நிகிதின்' என்ற மலைத்தொடர் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், அகலம் 150. தரையிலிருந்து 3000 மீற்றருக்கும் மேல் எழுகிறது. நம் பீதுருதாலகாலை 2524 மீற்றர்தான். அப்படியிருந்தும் அதன் உச்சிக்கு மேல் ஆயிரம் மீற்றருக்கும் அதிகமான தண்ணீர் நிற்கிறது. பெயருக்குரியவர் 15ஆம் நூற்றாண்டில் பஹ்மனி சுல்தான்களின் பீதர் நகரம்வரை வந்து, குவாஜா யூசுப் குராசானி என்ற பெயரில் நம்மவர்களிடையே நடமாடிய ரஷ்ய வணிகர்.

அந்த மலையின் பாறைமுகத்தில் கோபாற்று நிறைந்த உலோகப் படை படிந்திருக்கிறது. மின்கலங்களுக்குக் கோபாற்று வேண்டும். 2024 ஜனவரியில் இந்தியா அதை ஆராய அனுமதி கேட்டு ஜமெய்க்காவிலுள்ள சர்வதேசக் கடலடி அதிகார சபைக்கு விண்ணப்பித்தது. இலங்கையோ 2009 மே மாதம் ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவிடம் கொடுத்த கண்டமேடைக் கோரிக்கையில் அந்தப் பகுதியைத் தனதாகக் காட்டியிருக்கிறது. யாருக்கு உரிமை என்பதை அரசுகளும் சட்டத்தரணிகளும் பேசிக்கொள்ளட்டும். நமக்கு இங்கே கவனிக்க வேண்டியது வேறு.

இத்தகைய உலோகப் படை வளர்வது பத்து இலட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீற்றர். ஒட்டி வாழும் உயிருக்கு அதுதான் தளம். தோண்டுகிறவர்களுக்கு வேண்டியதும் அந்தத் தளமேதான். கொழுந்தைக் கிள்ளினால் செடி மறுபடி துளிர்க்கும். இங்கே கிள்ளுவது மண்ணையே எடுத்துக்கொண்டு போவது. எடுப்பதற்கு முன் அங்கே யார் குடியிருந்தார்கள் என்று எழுத வேண்டும். எழுத வேண்டுமானால் வாசலின் வடிவத்தைப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உலகம் முழுவதிலும் கொஞ்சப் பேர்தான். மஸ்கெலியாவில் அணை கட்டியபோது மூழ்கப்போகும் கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் பெயர் இருந்தது. சொல்லி அழ ஆள் இருந்தது. பெயரில்லாத ஊர் மறைந்தால் கணக்கில் ஒன்றும் குறையாது. அழிவே நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

ஆதம் நபிக்கு அல்லாஹ் முதலில் கற்றுக்கொடுத்தது பெயர்களை என்பதை நாம் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். பெயர் தெரிந்தவனுக்குப் பொறுப்பும் வந்துவிடுகிறது.

எங்கே தொடங்குவது

ஆழ்கடலுக்குப் போகக் கப்பல் வேண்டும், கோடிக்கணக்கில் பணம் வேண்டும். பழகுவதற்கு அவ்வளவு வேண்டாம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஹட்டன், நுவரெலியாப் பிள்ளைகள் ஒரு கைக்கண்ணாடியோடு தொடங்கலாம். நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், பெரியவர் ஒருவர் கூட இருக்க, தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் கிடக்கும் குச்சியையும் கல்லையும் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிச்சம் படாத பக்கத்தில்தான் பாசி விலங்குகள் விரும்பிக் குடியேறும். கிளைவிடும் குழாய் தென்பட்டால் அதே தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் விட்டு, குச்சியைப் போட்டு, அசையாமல் கால்மணி நேரம் வையுங்கள். பாசி என்றால் ஒன்றும் நடக்காது. விலங்கு என்றால் குழாயின் நுனிகளில் வெள்ளைக் கிரீடங்கள் மெல்ல விரியும். விரலால் கோப்பையைத் தட்டினால் எல்லாம் ஒரே நொடியில் மறையும்.

காய்ந்த குச்சியில் கறுப்புப் புள்ளி இருந்தால் அதைச் சுரண்டாமல் சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும், தேடிய இடத்தையும் நாளையும் எழுதுங்கள். தேடியும் இல்லை என்பதும் ஒரு தகவல். பென்சிலால் எழுதுங்கள், மை நனைந்தால் கரையும். நீர்த்தேக்கத்தின் பெயர், கரையின் எந்தப் பக்கம், திகதி, தண்ணீரின் ஆழம், ஒட்டியிருந்தது கல்லிலா கட்டையிலா. இறுதியில், எடுத்தவர் என்ற இடத்தில், உங்கள் முழுப்பெயர்.